திரும்ப வைக்காமல் எடுத்தால்: நிகழ்தகவுப் பரவலையும் சராசரியையும் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு பெட்டியில் 10 எல்இடி பல்புகள் இருக்கின்றன. அதில் 4 எரியாது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எது என்று தெரியாது. நீங்கள் பார்க்காமல் ஒவ்வொன்றாக 3 எடுக்கிறீர்கள், எடுத்ததைத் திரும்பப் பெட்டிக்குள் போடுவதில்லை. கையில் எரியாத பல்பு எத்தனை வரும்? ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் வாய்ப்பு எவ்வளவு (இந்தப் பட்டியல்தான் நிகழ்தகவுப் பரவல்)? சராசரியாக எத்தனை வரும்? பிளஸ் டூ கணிதத்திலும் கல்லூரிப் புள்ளியியலிலும் போட்டித் தேர்வுகளிலும் இதே கேள்வி வேஷம் மாற்றி மாற்றி வரும். பல்புக்குப் பதிலாகப் பந்து, சீட்டுக்கட்டு, குழுவுக்கு ஆள் தேர்வு என்று எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான்.

புதிதாகப் படிப்பவர்களை இதில் பயமுறுத்துவது, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பெட்டி மாறிவிடுகிறதே என்பது. முதலில் 10-இல் 4, அடுத்தது 9-இல் 3 ஆகலாம் அல்லது 9-இல் 4 ஆகலாம், அதற்கடுத்தது இன்னும் பல கிளையாகப் பிரியும். அதனால் பரவலே இவ்வளவு கஷ்டம் என்றால் சராசரி அதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. பரவலுக்குத்தான் எண்ணி எண்ணி எழுத வேண்டும். சராசரி ஒரே வரியில் வந்துவிடும். அது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. அந்தக் காரணத்தை நோக்கித்தான் கீழே ஒவ்வொரு படியாகப் போகிறோம், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எண்களைப் பிரித்து எழுதுங்கள்

கேள்வியைப் படித்ததும் மூன்று எண்களைத் தனியாக எழுதிவிடுங்கள். மொத்தம் எத்தனை (10), அதில் நாம் எண்ணப்போகும் வகை எத்தனை (எரியாத பல்பு, 4), எடுப்பது எத்தனை (3). மீதி 6 நல்ல பல்பு. பிறகு எதை எண்ணுகிறோம் என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்: "எடுத்த 3-இல் எரியாத பல்புகளின் எண்ணிக்கை". பாடப்புத்தகம் இதைச் சமவாய்ப்பு மாறி என்று சொல்லும். இந்த வாக்கியத்தை எழுதாமல் கணக்குக்குள் குதிப்பவர்கள்தான் பாதி வழியில் நல்ல பல்பை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அடுத்து அந்த எண்ணிக்கை எந்தெந்த மதிப்புகளை எடுக்கலாம் என்று பாருங்கள். இங்கே 0, 1, 2, 3. எப்போதும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே பெட்டியிலிருந்து 3-க்குப் பதில் 8 பல்பு எடுத்தால்? நல்லது மொத்தமே 6 தான், எனவே குறைந்தது 2 எரியாத பல்பு வந்தே தீரும். மேலே போனாலும் 4-ஐத் தாண்டாது, பெட்டியில் இருப்பதே அவ்வளவுதான். ஆக மதிப்புகள் 2, 3, 4 மட்டும். இந்த எல்லைகளைச் சரியாகப் போடாவிட்டால் பின்னால் கூட்டுத்தொகை ஒன்று வராது, எங்கே தப்பு என்றும் பிடிபடாது.

இரண்டாம் படி: ஒரு முறையாவது கிளைப்படம் போடுங்கள்

சூத்திரத்துக்கு நேராகப் போய்விடலாம்தான், ஆனால் ஒரே ஒரு முறை கையால் கிளைப்படம் போட்டுப் பார்த்தவருக்கு இந்தப் பாடம் மறக்காது. சரியாக ஒரு எரியாத பல்பு வரும் வாய்ப்பைப் பார்ப்போம். அது முதலாவதாக வரலாம், நடுவில் வரலாம், கடைசியில் வரலாம்.

முதலாவதாக வந்தால்: 4/10 × 6/9 × 5/8 = 120/720
நடுவில் வந்தால்: 6/10 × 4/9 × 5/8 = 120/720
கடைசியில் வந்தால்: 6/10 × 5/9 × 4/8 = 120/720

மூன்றையும் உற்றுப் பாருங்கள். கீழே எப்போதும் 10, 9, 8. மேலே எப்போதும் 4, 6, 5, ஆனால் இடம் மாறி மாறி. பெருக்கினால் விடை ஒன்றேதான். எரியாத பல்பு எந்த இடத்தில் வந்தாலும் வாய்ப்பு மாறவில்லை. இது தற்செயல் இல்லை, இந்தக் கட்டுரை முழுவதும் நம்முடன் வரப்போகும் விஷயம் இதுதான், அதனால் இங்கே ஒரு நிமிடம் நின்று நீங்களே ஒரு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். மூன்றையும் கூட்டினால் 360/720, அதாவது பாதி.

மூன்றாம் படி: எண்ணிக்கையாக மாற்றுங்கள்

வரிசை முக்கியம் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதால், ஒவ்வொன்றாக எடுத்தாலும் ஒரே கையாக மூன்றை அள்ளினாலும் பரவல் ஒன்றுதான். "ஒரே சமயத்தில் எடுக்கப்படுகின்றன" என்று கேள்வியில் இருந்தால் அது வேறு வகைக் கணக்கோ என்று பலர் தடுமாறுகிறார்கள். இல்லை, அதுவும் திரும்ப வைக்காமல் எடுப்பதுதான்.

எனவே சேர்வுகளை, அதாவது வகுப்பில் என்சிஆர் என்று சொல்வோமே அதை, பயன்படுத்தலாம். 10-இலிருந்து 3 எடுக்கும் வழிகளை 10சி3 என்று எழுதுகிறேன். 10 × 9 × 8 ÷ (3 × 2 × 1) = 120. இந்த 120 வழிகளும் சமவாய்ப்பு உள்ளவை. இனி ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை வழி என்று எண்ணினால் போதும். எரியாததை 4-இலிருந்து எடுக்க வேண்டும், மீதியை 6 நல்லதிலிருந்து எடுக்க வேண்டும், இரண்டையும் பெருக்க வேண்டும்.

0 எரியாதது: 4சி0 × 6சி3 = 1 × 20 = 20
1 எரியாதது: 4சி1 × 6சி2 = 4 × 15 = 60
2 எரியாதது: 4சி2 × 6சி1 = 6 × 6 = 36
3 எரியாதது: 4சி3 × 6சி0 = 4 × 1 = 4

கூட்டினால் 20 + 60 + 36 + 4 = 120. மொத்த வழிகளும் அதே 120. நிம்மதி. ஒவ்வொன்றையும் 120-ஆல் வகுத்தால் பரவல் தயார்: 0.167, 0.5, 0.3, 0.033 (மூன்று தசம இடத்துக்கு). ஒன்று வரும் வாய்ப்பு 60/120, அதாவது பாதி, கிளைப்படத்தில் வந்ததும் அதுதான்.

இதற்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்று பெயர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், செய்தது இரண்டு சேர்வுகளைப் பெருக்கி மூன்றாவதால் வகுத்தது மட்டுமே. பெட்டியில் இரண்டு வகைக்குப் பதில் மூன்று வகை (சிவப்பு, பச்சை, நீலப் பந்துகள் மாதிரி) இருந்தால் மேலே மூன்று சேர்வுகளைப் பெருக்குங்கள், மற்றதெல்லாம் அப்படியே.

ஒரு எச்சரிக்கை மட்டும். மேலே வரிசையைக் கணக்கில் எடுத்துக் கீழே எடுக்காமல் விடுவது, அல்லது தலைகீழாகச் செய்வது, இந்தக் கணக்குகளில் நடக்கும் தவறுகளில் மிகவும் சகஜமானது. கீழே 10 × 9 × 8 = 720 என்று போட்டால் மேலேயும் வரிசையோடு எண்ணுங்கள். கீழே 120 போட்டால் மேலேயும் வரிசை இல்லாமல் எண்ணுங்கள். கலந்தால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

நான்காம் படி: சராசரி, முதலில் நீண்ட வழியில்

மதிப்பை அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுவதுதான் சராசரி. புத்தகத்தில் கணித எதிர்பார்ப்பு என்றும் இருக்கும்.

(0 × 20 + 1 × 60 + 2 × 36 + 3 × 4) ÷ 120 = 144 ÷ 120 = 1.2

இப்போது கீழே உள்ளதைப் பாருங்கள்: 3 × 4/10 = 1.2. எடுத்த எண்ணிக்கையை, முதல் பல்பு பழுதாக இருக்கும் வாய்ப்பால் பெருக்கினால் அதே விடை வந்துவிடுகிறது. எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு எடுத்திருந்தாலும் சராசரி இதேதான் வந்திருக்கும். அப்படியானால் பெட்டி மாறிக்கொண்டே இருந்ததெல்லாம் எங்கே போயிற்று?

குறுக்கு வழி ஏன் சரி?

இரண்டாவதாக எடுக்கும் பல்பு எரியாததாக இருக்கும் வாய்ப்பு என்ன என்று யாரையாவது கேளுங்கள். "முதலாவது என்ன என்று சொன்னால்தானே சொல்ல முடியும்" என்பார்கள். முதலாவது தெரிந்தால் 3/9 அல்லது 4/9, அது சரிதான். ஆனால் முதலாவதை எடுத்துப் பார்க்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டால்? இரண்டு வழியையும் கூட்ட வேண்டும்:

4/10 × 3/9 + 6/10 × 4/9 = 12/90 + 24/90 = 36/90 = 4/10

அதே 4/10. மூன்றாவது பல்புக்கும் 4/10, பத்தாவது பல்புக்கும் 4/10. பல்புகளை எடுத்த வரிசையில் மேஜையில் அடுக்குவதாக நினைத்துக்கொண்டால் இது உடனே தெளிவாகும். நன்றாகக் குலுக்கிய 10 பல்புகள் வரிசையாக நிற்கின்றன. ஏழாவது இடத்தில் நிற்கும் பல்புக்கு எரியாததாக இருக்க என்ன தனி அதிர்ஷ்டம் வந்துவிடப்போகிறது? எல்லா இடமும் ஒரே மாதிரிதான்.

ஆக ஒவ்வொரு இடத்திலும் "எரியாதது என்றால் 1, நல்லது என்றால் 0" என்று எழுதினால், அந்த இடத்தின் சராசரி 4/10. எடுத்த மூன்றின் எண்ணிக்கை என்பது மூன்று இடங்களின் கூட்டல். கூட்டலின் சராசரி சராசரிகளின் கூட்டல், இதற்கு அவை ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையவே கிடையாது. இந்த ஒரு வரியைத்தான் பல வகுப்புகளில் ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், உண்மையில் மொத்தப் பாடமும் இதன் மேல்தான் நிற்கிறது. பெருக்கலுக்குத்தான் சாராத்தன்மை வேண்டும், கூட்டலுக்கு வேண்டியதில்லை.

முன்னால் சொன்ன 8 பல்பு கணக்கில் சோதித்துப் பாருங்கள். 10சி8 = 45. இரண்டு வர 4சி2 × 6சி6 = 6, மூன்று வர 4 × 6 = 24, நான்கு வர 1 × 15 = 15. கூட்டல் 45. சராசரி (12 + 72 + 60) ÷ 45 = 3.2. குறுக்கு வழி: 8 × 4/10 = 3.2. எல்லைகள் வெட்டுப்பட்டு 0-வும் 1-உம் இல்லாமல் போன பரவலிலும் இது அசையவில்லை.

எட்டுக் கோப்பைத் தேநீர்

புள்ளியியல் வரலாற்றில் இந்தப் பரவலுக்கு ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி உண்டு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920-களின் தொடக்கத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற ஆய்வாளர், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். உடன் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் இதை எப்படிச் சோதிப்பது என்று யோசித்து, 1935-இல் வெளியான தன் நூலில் அந்தச் சோதனையை விரிவாக எழுதினார். 8 கோப்பைகள், 4 பால் முதலில், 4 தேநீர் முதலில், வரிசை சமவாய்ப்பில். நான்கு நான்கு என்பது சுவைப்பவருக்கும் தெரியும், அவர் பால் முதலில் ஊற்றிய நான்கைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

சுவையே தெரியாத ஒருவர் குத்துமதிப்பாக நான்கைக் காட்டினால் என்ன ஆகும்? மொத்தம் 8, வகை 4, எடுப்பது 4. நம் பல்புப் பெட்டியேதான். 8சி4 = 70 வழிகள்.

0 சரி: 1 × 1 = 1
1 சரி: 4 × 4 = 16
2 சரி: 6 × 6 = 36
3 சரி: 4 × 4 = 16
4 சரி: 1 × 1 = 1

சராசரி 4 × 4/8 = 2. அதாவது ஒன்றும் தெரியாதவரும் சராசரியாக இரண்டைச் சரியாகச் சொல்லிவிடுவார். நான்கும் சரியாக வர வாய்ப்பு 70-இல் 1 தான், 1.4 சதவீதம், எனவே யாராவது நான்கையும் சரியாகச் சொன்னால் நம்பத் தோன்றுகிறது. ஆனால் மூன்று சரி என்றால்? மூன்றோ அதற்கு மேலோ வர 17/70, கிட்டத்தட்ட 24 சதவீதம். குருட்டாம்போக்கிலேயே நான்கில் ஒருமுறை அப்படி நடக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சராசரி மட்டும் தெரிந்தால் போதாது, பரவலும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இதிலிருந்து வளர்ந்த முறைதான் இன்று மருத்துவ ஆய்வுகளிலும் சிறிய அட்டவணைகளுக்குப் பயன்படுத்தும் ஃபிஷர் சோதனை.

அப்படியானால் திரும்ப வைப்பதும் வைக்காததும் எதில் வேறுபடுகின்றன?

சிதறலில். திரும்ப வைத்து எடுத்திருந்தால் ஈருறுப்புப் பரவல், பல்புக் கணக்கில் அது 0.216, 0.432, 0.288, 0.064. திரும்ப வைக்காதபோது 0.167, 0.5, 0.3, 0.033. சராசரி இரண்டிலும் 1.2 தான், ஆனால் திரும்ப வைக்காதபோது ஓரங்கள் மெலிந்து நடுப்பகுதி கனத்திருக்கிறது. ஒரு எரியாத பல்பு வந்துவிட்டால் அடுத்தது வரும் வாய்ப்பு குறைகிறது, நல்லது வந்துவிட்டால் கூடுகிறது, பெட்டியே நம்மை நடுவை நோக்கித் தள்ளுகிறது.

பரவற்படியை, அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவைக் கணக்கிட்டால் இது எண்ணாகத் தெரியும். மதிப்புகளின் வர்க்கத்தின் சராசரி (60 + 4 × 36 + 9 × 4) ÷ 120 = 2. அதிலிருந்து 1.2-இன் வர்க்கம் 1.44-ஐக் கழித்தால் 0.56. ஈருறுப்பில் 3 × 0.4 × 0.6 = 0.72. இரண்டுக்கும் உள்ள விகிதம் 7/9. இந்த 7 என்பது 10 − 3, 9 என்பது 10 − 1. பொதுவாகவே ஈருறுப்புப் பரவற்படியை (மொத்தம் − எடுத்தது) ÷ (மொத்தம் − 1) என்பதால் பெருக்கினால் திரும்ப வைக்காத பரவற்படி வந்துவிடும். பத்தையுமே எடுத்துவிட்டால் இந்தப் பெருக்கி பூஜ்ஜியம், அது நியாயம்தானே, எல்லாவற்றையும் எடுத்த பிறகு சந்தேகம் எதற்கு.

எடுப்பது மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு என்றால் இந்தப் பெருக்கி ஒன்றை ஒட்டி நிற்கும், வேறுபாட்டைக் கவனிக்கவே வேண்டாம். நம் நாட்டிலிருந்தே ஒரு நிஜமான இடம் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு வாக்குச்சாவடிக்குப் பதிலாகக் குலுக்கலில் தேர்வான 5 வாக்குச்சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை (வாக்களித்ததும் அச்சாகும் ஒப்புகைச் சீட்டுகளை) எண்ணி, இயந்திரத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரே சாவடியை இருமுறை எடுக்கப்போவதில்லை, ஆகவே இது திரும்ப வைக்காத தேர்வு. வெறும் கணக்குக்காக ஒரு தொகுதியில் 250 சாவடிகள், அதில் 5-இல் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். தேர்வான 5-இல் அப்படிப்பட்டது சராசரியாக எத்தனை வரும்? 5 × 5/250 = 0.1. ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு:

245/250 × 244/249 × 243/248 × 242/247 × 241/246, ஏறத்தாழ 0.903

ஈருறுப்பாக நினைத்து 0.98-ஐ ஐந்து முறை பெருக்கினாலும் 0.904 தான் வருகிறது. இங்கே யாரும் சேர்வுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தனித்தனித் தொகுதியாகப் பார்த்தால் பிடிபடும் வாய்ப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே. ஆனால் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் இதே நிலை என்று வைத்தால் சராசரிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்: 234 × 0.1 = 23.4 சாவடிகள் பிடிபடும், எதுவுமே பிடிபடாமல் போகும் வாய்ப்பு பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். மாதிரி எடுப்பதின் பலம் எங்கே இருக்கிறது என்பது இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் தெரிகிறது.

முதலாவது எப்போது வரும்?

இப்போது கேள்வியை மாற்றுவோம். அதே 10 பல்பு, 4 எரியாதது. முதல் எரியாத பல்பு வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்கிறோம். எத்தனையாவது முறை வரும்? இங்கே எடுக்கும் எண்ணிக்கைதான் சமவாய்ப்பு மாறி, அது 1 முதல் 7 வரை போகலாம் (6 நல்லதும் முதலில் வந்துவிட்டால் ஏழாவது நிச்சயம்). கிளைப்படத்தில் ஒரே ஒரு கிளைதான், "நல்லது, நல்லது, ..., எரியாதது". முதல் முறையிலேயே வர 4/10. இரண்டாவதில் 6/10 × 4/9. மூன்றாவதில் 6/10 × 5/9 × 4/8. இப்படியே போய் எல்லாவற்றையும் 210-க்குக் கொண்டுவந்தால் மேலே வரும் எண்கள்:

84, 56, 35, 20, 10, 4, 1

கூட்டல் 210, சரி. சராசரி (84 + 112 + 105 + 80 + 50 + 24 + 7) ÷ 210 = 462 ÷ 210 = 2.2.

இதற்கும் குறுக்கு வழி இருக்கிறது, காரணமும் பழைய காரணமேதான். பத்துப் பல்பையும் வரிசையாக அடுக்குங்கள். 4 எரியாத பல்புகள் அந்த வரிசையை 5 இடைவெளிகளாகப் பிரிக்கின்றன: முதலாவதற்கு முன், நடுவில் மூன்று, கடைசிக்குப் பின். 6 நல்ல பல்புகள் இந்த 5 இடைவெளிகளில் விழுகின்றன, எந்த இடைவெளிக்கும் தனிச் சலுகை இல்லை, எனவே ஒவ்வொன்றிலும் சராசரியாக 6/5 = 1.2. முதல் எரியாததற்கு முன்னால் 1.2 நல்லது, அப்புறம் அது ஒன்று, ஆக 2.2. சீட்டுக்கட்டில் முதல் ஏஸ் எப்போது வரும் என்று கேட்டால் எதையும் பட்டியல் போடாமலே சொல்லலாம்: ஏஸ் அல்லாத 48 சீட்டு, 4 ஏஸ்கள் பிரிக்கும் 5 இடைவெளி, 9.6 + 1 = 10.6-ஆவது சீட்டு. அதே கணக்கைப் பரவல் எழுதிச் செய்தால் 49 வரிகள் வரும்.

திரும்ப வைத்து எடுத்திருந்தால் பல்புக்கு 10/4 = 2.5 முறை ஆகியிருக்கும். பாருங்கள், இந்தக் கேள்வியில் இரண்டு முறைகளின் சராசரியும் வேறு. "சராசரி எப்போதும் ஒன்றுதான்" என்று மொட்டையாக மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அது குறிப்பிட்ட எண்ணிக்கையை எடுக்கும் கணக்குக்கு மட்டும்.

எண்ணிக்கை அல்ல, மதிப்பு என்றால்

பர்ஸில் 10, 10, 20, 50, 100 ரூபாய் என்று ஐந்து நோட்டுகள். பார்க்காமல் இரண்டை எடுக்கிறீர்கள். மொத்தத் தொகையின் பரவல்? 5சி2 = 10 ஜோடிகள், எழுதிவிடலாம். இரண்டு 10 ரூபாய் நோட்டுகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும், பார்க்க ஒரே மாதிரி என்றாலும் அவை இரண்டு நோட்டுகள். 20 ரூபாய் வர 1 வழி, 30 வர 2, 60 வர 2, 70 வர 1, 110 வர 2, 120 வர 1, 150 வர 1. சராசரி (20 + 60 + 120 + 70 + 220 + 120 + 150) ÷ 10 = 76. ஒரு நோட்டின் சராசரி 190 ÷ 5 = 38, இரண்டு இடம் என்றால் 76. மறுபடியும் ஒரே வரிதான்.

பெரியது எது என்று கேட்டால் மட்டும் இந்த வழி நேராகச் செல்லாது, ஏனென்றால் அது கூட்டல் இல்லை. 1 முதல் 5 வரை எழுதிய ஐந்து சீட்டுகளில் இரண்டை எடுத்து, பெரிய எண்ணைக் குறிக்கிறீர்கள் என்றால்: 2 வர 1 வழி, 3 வர 2, 4 வர 3, 5 வர 4. சராசரி (2 + 6 + 12 + 20) ÷ 10 = 4. இதை இடைவெளி முறையில் பாருங்கள்: எடுத்த 2 எண்கள் மீதி 3 எண்களை 3 இடைவெளிகளாகப் பிரிக்கின்றன, ஒவ்வொன்றிலும் சராசரியாக 1, பெரிய எண்ணுக்கு மேலே ஒரு இடைவெளி, எனவே 5 − 1 = 4.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் பாகங்களில் வரிசை எண்கள் இருந்தன. கிடைத்த எண்களில் பெரியதை வைத்து மொத்தம் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட வேண்டும். 4 எண்கள் கிடைத்து அதில் பெரியது 60 என்றால், 60-க்குள் 56 எண்கள் விடுபட்டிருக்கின்றன, அவை 4 இடைவெளிகளில் இருக்கின்றன, ஆக ஒன்றுக்கு 14. மேலேயும் அதே அளவு இடைவெளி இருக்கும் என்று கொண்டால் மொத்தம் 74. அவர்கள் செய்த வேலை இதைவிடச் சிக்கலானது, ஆனால் அடிப்படை இதுவே. 1942 ஆகஸ்ட் மாத உற்பத்திக்கு உளவுத்துறை 1550 என்றது, புள்ளியியல் மதிப்பீடு 327, போருக்குப் பிறகு ஜெர்மன் ஆவணங்களில் பார்த்தபோது 342.

செய்து பார்க்க மூன்று

5 பெண்கள், 4 ஆண்கள், அதில் குலுக்கலில் 3 பேர் குழு. பெண்கள் எண்ணிக்கையின் பரவல், சராசரி? விடை: 84-இல் 4, 30, 40, 10. சராசரி 5/3.

சீட்டுக்கட்டில் 5 சீட்டு எடுத்தால் ஏஸ் சராசரியாக எத்தனை? ஒன்றுகூட வராமல் இருக்க வாய்ப்பு? விடை: 5/13. வாய்ப்பு 48சி5 ÷ 52சி5, ஏறத்தாழ 0.659.

ஒரு கொத்தில் 5 சாவிகள், ஒன்றுதான் பூட்டுக்குச் சேரும், போட்டுப் பார்த்ததை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் போடுகிறீர்கள். சராசரியாக எத்தனையாவது சாவியில் திறக்கும்? இதற்குப் பரவலே எழுத வேண்டாம், இடைவெளிகளை மட்டும் எண்ணுங்கள். விடை: 3.